திக்கித் திக்கி ஓடிய கல்யாண வீடியோ

வீடியோ ஒழுங்காக ஓடுகிற வீட்டிலிருந்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஓடாதபோதும் உடனே கூப்பிடுவதில்லை. முதலில் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு மச்சானை வரவழைத்துக் காட்டுவார்கள். அவரும் தன் பங்குக்குத் தட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன் வரும்.

திருத்தணியில் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தவன் நான். படம் அனுப்பவும் வீடியோ அனுப்பவும் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் வேலை, நிருபர் வேலை போன பிறகும் கையில் தங்கிவிட்டது. இப்போது வீடுகளில் மீடியா சர்வர் சரிபார்த்துக் கொடுக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு சின்ன கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து, காவடி என்று வீட்டு வீடியோ எல்லாம் அதற்குள் கிடக்கும். டிவியில் கேட்டாலும் செல்போனில் கேட்டாலும் வைஃபை வழியாக எடுத்துக் கொடுக்கும். கொடுக்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். இப்படியொரு பெட்டியை ஆசையாக வாங்கி வைத்துவிட்டு, திரைக்கு நடுவே சுற்றுகிற வட்டத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக துன்பவாசிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கம்போடு மாடிக்கு ஓடியவர்

மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் கஜேந்திரன் என்னுடைய ஆரம்பகால வாடிக்கையாளர். அவர் வீட்டு டிவியில் படம் திக்க ஆரம்பித்தால், மூலையில் சாத்தி வைத்திருக்கும் கம்பை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவார். திருத்தணியில் எந்த ஒயர் கெட்டாலும் குரங்குதான் முதல் குற்றவாளி. கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடும், டிஷ்ஷில் உட்கார்ந்து பேன் பார்க்கும். அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டுப் பெட்டி ஹாலில் இருந்தது. அதிலிருந்து கிளம்பிய ஒயர் எதுவும் மாடிப் பக்கமே போகவில்லை.

சங்கதி வேறு. பேரனுக்கு மொட்டை போட்டதைப் புதுச் செல்போனில் எடுத்திருந்தார்கள். அந்த வகை வீடியோ அவருடைய பழைய டிவிக்குப் புரியாது. அப்போது பெட்டிதான் ஓடுகிற வீடியோவை ஓடஓடப் பிரித்து, டிவிக்குப் புரிகிற மாதிரி மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். பிரிக்கிற வேலைக்கு டீகோடிங் என்றும், பிரித்துக் கட்டுகிற மொத்த வேலைக்கு டிரான்ஸ்கோடிங் என்றும் பெயர். இதற்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கஜேந்திரன் வீட்டில் அதை யாரும் போட்டுவிடவே இல்லை. மொத்தச் சுமையும் மெயின் பிராசஸர் மேல் விழுந்து, அது தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை ஓடவிட்டதும் பேரன் அழுகை தடங்கலில்லாமல் கேட்டது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, கம்பு அதே மூலையில் இருந்தது. குரங்கு காரணமில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு அது என்று கேட்டேன். கஜேந்திரன் சொன்னார்: “பழி போட ஒரு ஆள் வேணும்ல சார்? வூட்ல இருக்கறவங்க மேல போட்டுட்டு நாம சோறு துன்ன முடியுமா?”

டிக் போட்டிருந்தது, வேலை நடக்கவில்லை

கஜேந்திரன் என் நம்பரைக் கொடுத்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து கன்னியம்மா என்பவர் கூப்பிட்டார். அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதுக்குள் கடகடவென்று ஆரம்பித்துவிடும். தெருவுக்குத் தெரு விசைத்தறி. கன்னியம்மா வீட்டில் முன்பாதி குடித்தனம், பின்பாதி தறி, நடுவில் ஒரு கதவு. கணவர் தேவராஜ் லுங்கி நெய்கிறார். ஒரே மகள் சுமதியை ஆந்திராப் பக்கம் நகரியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பெட்டியை வாங்கி வைத்தது சுமதிதான். அதில் அவருடைய கல்யாண வீடியோவும் மற்ற வீடியோக்களும் திக்கித் திக்கி ஓடுகின்றன என்பது புகார்.

நான் பேசும்போது தேவராஜ் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். தறி ஓடுகிற ஊரில் எல்லோருமே அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பெட்டியின் அமைப்புகளைத் திறந்தேன். வீடியோ வேலையைத் தனிப்பகுதிக்குக் கொடு என்ற இடத்தில் அழகாக டிக் போட்டிருந்தது. வேலைப்பளுவைக் காட்டும் திரையைத் திறந்தால் தனிப்பகுதி தூங்குகிறது, பிராசஸர் மூச்சு வாங்குகிறது. அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காகத் திட்டம் நடக்கிறது என்று நான் நம்புவதில்லை. அது நிருபர் வேலை கொடுத்த புத்தி. தோண்டினேன். சர்வர் மென்பொருள் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ, அந்தக் கணக்குக்குத் தனிப்பகுதியைத் தொடவே அனுமதி இல்லை. கதவு பூட்டியிருப்பதைப் பார்த்த மென்பொருள், யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்து பிராசஸர் தலையில் வேலையைக் கட்டியிருக்கிறது. சக துன்பவாசிகளே, டிக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், பளுவைப் பாருங்கள்.

அனுமதியைக் கொடுத்துவிட்டு ஒரு காதுகுத்து வீடியோவைப் போட்டேன். தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்குள் ஒரு மிடுக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்னா பண்ணீங்க என்று கன்னியம்மா விடாமல் கேட்க, தனிப்பகுதி, பிராசஸர் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அதானே, அறுந்த பாவு நூலப் பிணைக்கத் தனியா ஆள வச்சிகினு, தறி ஓட்டறவனையே அதையும் செய்யின்னா துணி எப்டிங்க வரும்?”

நல்ல கேமரா

காதுகுத்து ஓடியது. கல்யாணம் ஓடவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் குதிரை ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டது.

வீடியோவின் வகையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. சாதாரண வீடியோவைவிட நிறத்தை அதிகம் பிடித்து வைக்கிற வகை அது. தொழிலில் பத்து பிட் என்போம். ஸ்டுடியோவில் உட்கார்ந்து நிறம் திருத்தி, வெட்டி ஒட்டி வேலை செய்ய அருமையானது. ஆனால் இந்த மாதிரி வீட்டுப் பெட்டியில் இருக்கிற தனிப்பகுதிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பார்த்துவிட்டு, ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கிவிடும். மறுபடி பிராசஸர் தலையில் சுமை.

ஓடஓடப் பிரித்தால்தானே திணறும்? அவசரமில்லாமல் ஒரு தடவை முழுவதையும் பிரித்து, எல்லா டிவிக்கும் புரிகிற சாதாரண வகையில் கட்டி வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதைச் செய்ய விட்டுவிட்டு, நகரியில் வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன். வீட்டில் பார்க்கிறவர்களுக்குச் சாதாரண வகையில் ஒரு பிரதி கொடுத்திருக்கலாமே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சொன்னார்: “பொண்ணு வூட்டுக்காரங்க நல்ல கேமரா வேணும்னுதான் கேட்டாங்க சார், வூட்ல ஓடற கேமரா வேணும்னு யாருமே கேக்கலியே!”

அவருக்கு மட்டும் எழுத்து

குதிரை நகர்ந்தது. மண்டபம் வந்தது. வேலை முடிந்தது என்று பையை எடுத்தேன். கன்னியம்மா எழுந்து போய் தறிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எழுத்து ஒண்ணு வரும்ங்க. அதையும் போட்டுக் காட்டுங்க” என்றார்.

சுமதி தன் கல்யாண வீடியோ முழுவதுக்கும், யார் என்ன பேசினார்கள் என்று தமிழில் டைப் அடித்து வைத்திருந்தார். புரோகிதர் அதட்டுவது, அத்தைகள் சண்டை போடுவது, பந்தியில் யாரோ ரசம் கேட்பது எல்லாம். ரிமோட்டில் அழுத்தினால் படத்துக்குக் கீழே எழுத்தாக வர வேண்டும்.

“அவருக்குக் காது மந்தம்ங்க” என்று கன்னியம்மா குரலைத் தாழ்த்தினார். “தறி தின்னுடுச்சி. பொண்ணு காது மிஷின் வாங்கிக் குடுத்துச்சி. அதைப் போட்டா தறி சத்தமும் சேந்து மண்டையப் பொளக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டாரு. உதட்டைப் பார்த்துகினே சமாளிக்கறாரு. வெளியாளுக்கு யாருக்கும் தெரியாது.”

எழுத்தைப் போட்டேன். வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி அந்தரத்தில். சில டிவிக்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது. கிடைத்த வரிசையில் கொட்டும். அந்த நேரம் பார்த்து தேவராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்தார். திரையைப் பார்த்தார். “பாவு அறுந்தா மாதிரி கீதே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்கு வழி உண்டு. பெட்டியே எழுத்தைச் சரியாகக் கோத்து, படத்தோடு படமாகக் கலந்து அனுப்பிவிடும். டிவி காட்டினால் போதும். ஆனால் எழுத்தைக் கலக்க வேண்டுமானால், டிவிக்குப் புரிகிற வீடியோவாக இருந்தாலும் மொத்தத்தையும் பிரித்துத்தான் கட்ட வேண்டும். இந்தத் தொழிலில் பெட்டிக்குப் பாரமான வேலைகளில் இது ஒன்று. அதனால் நான் சுலபமான யோசனை சொன்னேன்: எழுத்தை வீடியோவிலேயே நிரந்தரமாக ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், யார் எந்த டிவியில் போட்டாலும் எழுத்தோடுதான் ஓடும், பெட்டிக்கும் பாரம் இல்லை.

கன்னியம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பிறகு காரணமும் சொன்னார்: “நாலு பேர் வந்து பாக்கும்போது எழுத்து ஓடிச்சின்னா, எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? அது அவரு பாக்கறதுக்குங்க, ஊரு பாக்கறதுக்கு இல்ல.”

சுமதி செய்த சத்தியம்

பாரமான வழியையே பெட்டியில் அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துச் சுமதியே நகரியிலிருந்து போன் செய்தார். எழுத்தோடு போட்டால் தொடக்கத்தில் நன்றாக ஓடுகிறதாம், போகப்போகப் படம் திக்கி நின்றுவிடுகிறதாம்.

“நின்ற இடத்துக்குத் தள்ளிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்” என்றேன்.

“எங்க நைனா அப்டிப் பாக்க மாட்டாருங்க” என்று அப்பாவைப் பற்றிச் சொன்னார். “தறியில உக்காந்த மாதிரிதான். மொதல்லேர்ந்து வரணும், நடுவுல தாண்டக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மாப்ள அழைப்புலேர்ந்து ஆரம்பிக்கறாரு. அந்த எடம் வர்றதுக்குள்ள நின்னுடுது.”

எந்த இடம் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னார்.

மண்டபத்தில் தட்டு மாற்றும்போது, சுமதியின் மாமனார் முனிரத்தினம் தேவராஜை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்திருக்கிறார். நகரிப் பக்கம் சம்பந்திகள் ஒருவரையொருவர் பாவா என்றுதான் அழைப்பார்கள்; கிண்டல் செய்வது உரிமை, திருப்பிக் கொடுப்பது மரியாதை. மேளச் சத்தத்தில் தேவராஜுக்கு அது கேட்கவில்லை. கூட்டமே சிரிக்க, அவர் மட்டும் விறைப்பாக நின்றிருக்கிறார். அன்றிலிருந்து நகரியில் அவருக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: தலைக்கனம் பிடித்தவர்.

“ஒரு வேளையும் அந்தப் பேச்சு இல்லாம போறதில்லிங்க. உங்க நைனா எங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டாரு, நாங்க சின்ன ஆளுங்கதானே, அப்டின்னு. இந்த ஆடிக் கிருத்திகைக்கு மாமா காவடி எடுக்கறாரு. மலை எறங்கி எங்க அம்மா வூட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்காங்க. அங்க போய் செவுத்துகிட்டயா பேசறதுன்னு மாமா கேக்கறாரு. இந்தத் தடவையும் நைனா கம்முனு இருந்தா, அப்புறம் அந்த வூட்டு வாசப்படி மிதிக்கவே மாட்டாங்க.”

காது கேட்காது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று நைனா தன் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றார். அப்படியென்றால் அந்தக் கிண்டலை மட்டும் எதற்கு டைப் அடித்தீர்கள் என்று கேட்டேன். சுமதி சொன்னார்: “யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னுதாங்க சத்தியம் பண்ணேன். நைனாவுக்கு எழுதிக் காட்ட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”

காலையில் ஓடும், சாயங்காலம் நிற்கும்

கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. நாளிதழில் வேலை செய்தவனுக்குக் கெடு என்றால் என்னவென்று தெரியும். பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தை யாரிடமும் மாற்றிக் கேட்க முடியாது, முருகனிடமும் கேட்க முடியாது.

காலையில் போவேன். எழுத்தோடு வீடியோவைப் போட்டுவிட்டு, கன்னியம்மா கொடுக்கும் டீயைக் குடித்தபடி உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி என்று ஒரு இடத்திலும் நிற்காது. திருத்தணிக்குத் திரும்பிய பிறகு, சாயங்காலம் போன் வரும்: “நின்னு போச்சிங்க.” பெட்டிக்குள் இருக்கும் பதிவுகளைப் பார்த்தால் சூடு என்று காட்டியது. சூடு ஏறினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். சரி, ஏன் சூடு? விசிறியை மாற்றினேன். சிப்புக்கு மேல் சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினேன். கரண்டு ஏற்ற இறக்கத்தைச் சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசர் வைத்தேன். கடைசியில் ஆடி மாதத்து வெயிலைக் கூடக் குற்றம் சொன்னேன். கஜேந்திரனின் கம்பு எனக்கும் கொஞ்சம் தேவைப்பட்டது.

ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகுதான் கண்ணாடியை அந்த வீட்டிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போனேன். உள்ளே நுழைந்ததும் பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கட்டம் போட்ட புது லுங்கி ஒன்று இரண்டாக மடித்து, நாலு பக்கமும் செருகி, தொட்டில் குழந்தையைப் போர்த்தியது மாதிரி போர்த்தியிருந்தது. அதன் அடியில் பெட்டி.

தறி ஓடும் வீட்டில் பஞ்சு பறக்கும். நூல் தூசி மெத்தை மாதிரி எல்லாவற்றின் மேலும் படியும். அதனால் அந்த ஊரில் எந்தச் சாமானுக்கும் துணி போர்த்தி வைப்பது வழக்கம். கன்னியம்மா டிவிக்கும் போர்த்தியிருந்தார், ஆனால் பார்க்கும்போது எடுத்துவிடுவார். பெட்டியில் பார்க்க ஒன்றும் இல்லையாதலால் அது ஓடும்போதும் போர்த்தியே இருந்திருக்கிறது. நான் வருகிறேன் என்று தெரிந்தால் மட்டும், வெளியாள் வரும்போது வீடு மூட்டை கட்டின மாதிரி இருக்கக்கூடாது என்று, எல்லாத் துணியையும் எடுத்து மடித்து வைத்துவிடுவார். எனக்குக் கொடுத்த மரியாதையால்தான் இத்தனை நாள் எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெட்டியைத் தறியிலிருந்து தள்ளி, சமையலறைப் பக்கம் சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்து ஏற்றினேன். கேபிள் இழுத்து டிவியோடு சேர்த்தேன். இனிமேல் இதன்மேல் எந்தத் துணியும் விழக்கூடாது, தூசி ஊதுவதற்கு நான் வருகிறேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கன்னியம்மாவுக்கு மனம் ஆறவில்லை. லுங்கியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: “மிக்ஸிக்குப் போட்டிருக்கேன், தையல் மிஷினுக்குப் போட்டிருக்கேன், எதுவும் இதுவரைக்கும் புழுங்குதுன்னு சொன்னதில்ல. இது மட்டும் இன்னாங்க, பெரிய எடத்துப் புள்ளையா?”

காவடி இறங்கிய வீடு

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் நடக்க இடம் கிடையாது. மஞ்சள் துணியும் புஷ்பக் காவடியும் அரோகராவுமாக மலைப்படி முழுவதும் ஆள். நகரிக்காரர்கள் காவடி செலுத்திவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு மதியச் சாப்பாட்டுக்குப் பொதட்டூர்பேட்டை வந்து சேர்ந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று தறி ஓடவில்லை; வீடே வேறு ஊரில் இருப்பது போல இருந்தது. பெட்டி மாற்றிய பிறகு தேவராஜ் வீடியோ பார்க்க நேரமே கிடைக்கவில்லை, கிருத்திகைச் சரக்கு அனுப்புகிற மும்முரம் என்று கன்னியம்மா காதோடு சொன்னார். ஆக, அந்த இடத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் வீடியோவைப் போட்டார்கள். எழுத்து இல்லாமல்தான். முனிரத்தினம் நடுவில் உட்கார்ந்துகொண்டார். கணீரென்ற குரல், எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல். தேவராஜ் ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நகரி ஜனம் சும்மா இருக்கவில்லை. வைஃபை கிடைத்ததும் ஆளாளுக்குச் செல்போனில் அதே வீடியோவைத் திறந்து, தங்கள் முகம் வருகிற இடத்தைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தந்தத் திரைக்குத் தக்கபடி சுருக்கி அனுப்ப, ஒவ்வொரு போனுக்கும் பெட்டி தனித்தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். நான் என் லேப்டாப்பில் பளுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தனிப்பகுதி முழுமூச்சாக ஓடியது. பிராசஸர் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. சூடு ஏறவில்லை. ஒரு போனில்கூட வட்டம் சுற்றவில்லை. அந்தத் திரையைப் படம் பிடித்து முதல் பக்கத்தில் போட்டிருப்பேன். போட எனக்குப் பேப்பர் இல்லை.

டிவியில் தட்டு மாற்றும் இடம் நெருங்கியது. “இப்ப பாருங்க, நம்ம ஜோக்கு வருது” என்றார் முனிரத்தினம். நகரிக்காரர்கள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கி, திரும்பி தேவராஜைப் பார்த்தார்கள். தேவராஜ் அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது, எதை என்பது தெரியவில்லை. கையை நீட்டி ரிமோட்டை எடுத்தார். கன்னியம்மா தட்டில் வெற்றிலையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். சுமதி தரையைப் பார்த்தார். தேவராஜ் எழுத்துக்கான பட்டனை அழுத்தினார்.

டிவியில் எழுத்து வந்தது. கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில், படம் ஒரு நொடிகூடத் தயங்காமல்.

“இதின்னாது, எழுத்து?” என்றார் முனிரத்தினம். திரையில் அவரே தட்டோடு நின்று வாயைத் திறந்தார். கீழே அவர் பேச்சு எழுத்தாக ஓடியது: ‘பாவா பேசவே மாட்டேன்றாரே, லுங்கியோட சேத்து வாயையும் நெய்து வச்சிட்டாரா?’ திரையில் மண்டபமே சிரித்தது. விறைப்பாக நின்ற தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் இருந்த தேவராஜ் வீடியோவை நிறுத்தினார். உதட்டை அசைத்து ஒரு முறை படித்தார். இரண்டாவது முறை படிக்கும்போது தோள் குலுங்கியது. பிறகு, தறி ஓடாத அந்த வீட்டில், தறிக்கு மேல் கேட்கிற மாதிரி சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“வாய் நல்லாத்தான் கீது பாவா, காதைத்தான் தறிகிட்ட குடுத்துட்டேன். இனிமே கிண்டல் பண்றதா இருந்தா எம் மூஞ்சிக்கு நேரா குந்திகினு பண்ணுங்க, அங்கியே திருப்பி வாங்கினு போவலாம்!”

என் பெயர் போட்டு எத்தனையோ செய்தி அச்சாகியிருக்கிறது, ஆனால் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் சாதனை பொதட்டூர்பேட்டையில் ஒரு பெட்டியின் மேலிருந்து ஒரு லுங்கியை எடுத்ததுதான்.